வித்தியாசம் பூச்சியமாகட்டும்: கணக்கு மென்பொருளில் புதிதாக இறங்குகிற பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பில் வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்பது பழைய கதை. அம்மாவுக்கு அஸ்வெசும காசு வருகிற கணக்கு ஒன்று, அப்பாவுக்கு உர மானியம் வருகிற கணக்கு ஒன்று, கட்டாரில் நிற்கிற அண்ணன் காசு போடுகிற கணக்கு ஒன்று, அக்காவின் சம்பளக் கணக்கு ஒன்று, சின்னவளின் பேரில் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு புத்தகம். இத்தனையையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பு கடைசியில் வீட்டில் ஒரு பிள்ளையின் தலையில்தான் விழும். உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளையாக இருக்கலாம், கைபேசியில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து உழைத்து ஓய்வுபெற்றவன். இப்போது வீட்டுக் கணக்கைக் கணினியில் எழுதுகிறேன், கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டியும் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ஐயா, எந்த மென்பொருள் நல்லது?" என்று. அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். நான் எழுதியதும் வங்கி எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டு வருகிறவர் குறைவு. மென்பொருளின் பிரயோசனமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. இலவசமானதை எடுங்கள், எடுத்ததை விடாதீர்கள்.

நான் பாவிப்பது க்னூகேஷ். 1998 இல் முதல் பதிப்பு வந்தது. காசு கட்ட வேண்டாம், இணையமும் வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். கேமைமணி, ஹோம்பேங்க் என்று வேறும் உண்டு, அவையும் இலவசம்தான். மைக்ரோசொப்ட் மணி என்ற மென்பொருளை ஒரு காலத்தில் பல நாடுகளில் பாவித்தார்கள். 2009 இல் அந்தக் கொம்பனி அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஒரு கொம்பனி கடையைப் பூட்டினால் உங்கள் பத்து வருடக் கணக்கும் சேர்ந்து பூட்டுப்படக் கூடாது. நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிற மென்பொருளை நான் விரும்புவது அதனால்தான். எதை எடுத்தாலும் ஒரு வருடமாவது அதிலேயே நில்லுங்கள். மாதத்துக்கு ஒரு மென்பொருள் மாற்றிப் பார்க்கிறவர் கணக்கு எழுதி நான் கண்டதில்லை.

2. செலவுப் பெயர்கள் குறைவாக இருக்கட்டும், வங்கிக் கணக்குகள் தனித்தனியாக இருக்கட்டும்.

உள்ளே ஐந்து பெரும் கிளைகள் இருக்கும்: சொத்து, பொறுப்பு, வருமானம், செலவு, உரிமை. லூக்கா பசியோலி என்ற துறவி 1494 இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவுதான் அடியில் ஓடுவது. பாடசாலையில் படித்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் செலவுக்குக் கீழே மீன், இறால், மரக்கறி, தேங்காய், வெற்றிலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இரண்டாம் கிழமை களைத்துவிடுவார்கள். 'சாப்பாடு' என்று ஒன்று போதும். வங்கிப் பக்கத்தில் மட்டும் இந்தச் சுருக்கம் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பேர், பேருக்குப் பின்னால் கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண். 'கைக்காசு' என்றும் ஒன்று திறவுங்கள். ஏரிஎம்மில் எடுத்த பத்தாயிரம் ரூபா இன்னும் செலவாகவில்லை, வங்கியிலிருந்து கைக்காசுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

3. ஒரு ஸ்டேட்மென்ட் முடிகிற திகதியில் தொடங்குங்கள்.

கணக்குத் திறந்த நாளிலிருந்து எழுத வெளிக்கிடாதீர்கள், முடியாது. நமது வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்குகிறது. அதனால் மார்ச் 31 மீதியை ஆரம்ப மீதியாகப் போட்டால் பிறகு வசதி. வேறு மாதமானாலும் குற்றமில்லை, ஆனால் மாதத்தின் நடுவில் தொடங்காதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மார்ச் 28 இல் நீங்கள் எழுதிக் கொடுத்த செக் 31 ஆம் திகதிவரை வங்கிக்குப் போயிருக்காது. ஸ்டேட்மென்ட் மீதியில் அந்தக் காசு இன்னும் உங்களுடையதுபோல நிற்கும். ஆரம்ப மீதியைப் போட்ட கையோடு, அப்படி வெளியே நிற்கிற செக் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் மாதமே இடிக்கும்.

4. 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கு தானாக முளைத்தால் அன்றே பாருங்கள்.

காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் சொல்லாமல் விட்டால் க்னூகேஷ் கோபிக்காது. மீதியை 'இம்பேலன்ஸ்-எல்கேஆர்' என்ற கணக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். எல்கேஆர் என்பது நமது ரூபா. அந்தக் கணக்கில் ஒரு சதம் நின்றாலும் எங்கோ ஒரு பதிவு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

5. நீங்கள் செய்த நாளை எழுதுங்கள்.

செக் கொடுத்தது 10 ஆம் திகதி, வங்கியில் கழிந்தது 17 என்றால் உங்கள் பதிவில் 10. செக் இலக்கத்தை அதற்கான நிரலில் கட்டாயம் போடுங்கள். விபரத்தில் யாருக்கு, எதற்கு என்று இரண்டு சொல். நெல்லு ஆலைக்காரர் தந்த பின்திகதிச் செக்கைக் கிடைத்த அன்றே வங்கி வரவாகப் பதிவதுதான் எங்கள் ஊரில் அதிகம் நடக்கிற கோளாறு. அந்தச் செக் அதில் போட்டிருக்கிற திகதிவரை வெறும் வாக்குறுதிதான். 'வரவேண்டிய காசு' என்று ஒரு சொத்துக் கணக்கில் வையுங்கள். வங்கியில் போடுகிற அன்று அங்கிருந்து மாற்றுங்கள். திரும்பி வந்தால் உங்கள் மீதி பொய்யாகாது. செக்கில் உள்ள திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி அதை ஏற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

6. சொந்தக் கணக்குகளுக்கு இடையில் போன காசு செலவுமில்லை, வருமானமுமில்லை.

குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறின ஆள் மண்டூரில் இறங்கும்வரை எழுவான்கரையிலும் இல்லை, படுவான்கரையிலும் இல்லை; ஆனால் ஆள் இருக்கிறார். ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற காசும் அப்படித்தான். 2015 இல் வந்த செப்ட்ஸ் முறையில் அனுப்பினால் அந்தக் கணமே அக்கரை சேரும், போயா நாளிலும் சேரும். ஸ்லிப்ஸ் என்ற மற்ற முறை மூலமோ செக் மூலமோ போனால் வங்கி வேலைநாள் பார்த்துத்தான் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பி, திங்கள் போயாவாக இருந்தால், ஒரு ஸ்டேட்மென்ட்டில் இந்த மாதமும் மற்றதில் அடுத்த மாதமும் விழலாம். க்னூகேஷில் இது ஒரே பதிவு, இரண்டு கால். ஒவ்வொரு காலையும் அந்தந்த வங்கியின் ஸ்டேட்மென்ட்டோடு தனித்தனியாக ஒத்துப்பார்க்கலாம். இதைத் தெரியாத பிள்ளைகள் ஒரு பக்கம் 'செலவு', மறுபக்கம் 'வருமானம்' என்று இரண்டு தரம் எழுதுவார்கள். வருட முடிவில் வீட்டு வருமானம் இரட்டிப்பாகத் தெரியும். சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

7. ஒத்துப்பார்ப்பது மாதம் ஒருமுறை, ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. மெதுவாக வாசியுங்கள்.

க்னூகேஷ் பதிவேட்டில் 'ஆர்' என்ற ஒடுங்கிய நிரல் ஒன்று இருக்கும். புதிதாக எழுதினால் அதில் 'என்' என்று நிற்கும். வங்கியில் போய்விட்டது என்று நீங்கள் அறிந்தால், எஸ்எம்எஸ் வந்தது என்று வையுங்கள், அதை அமத்தி 'சி' ஆக்கலாம். ஸ்டேட்மென்ட்டோடு ஒத்து முடித்த பிறகுதான் 'வை' ஆகும். 'வை' ஆனது முத்திரை குத்திய மாதிரி, இனித் தொடக் கூடாது.

கணக்கைத் திறந்து 'ரீகன்சைல்' என்பதை எடுத்தால் இரண்டு விஷயம் கேட்கும்: ஸ்டேட்மென்ட் முடிகிற திகதி, அதில் உள்ள கடைசி மீதி. கொடுத்தால் இடது பக்கம் வந்த காசும் வலது பக்கம் போன காசும் பட்டியலாக விரியும். கீழே 'வித்தியாசம்' என்று ஒரு தொகை நிற்கும். ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி, திரையில் ஒரு சரி. வரிக்கு வரி போக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிற ஒருவர், பெரும்போக வெட்டு முடிந்து மார்ச் 31 இல் இருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய பதிவேட்டில் மீதி 72,640.00 ரூபா. வங்கி ஸ்டேட்மென்ட்டில் மீதி 84,160.80 ரூபா. கிட்டத்தட்டப் பதினொன்றரை ஆயிரம் கூட. "வங்கியில் கூடக் காசு கிடக்கு" என்று மகிழ்ந்து செலவழிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுவார்கள்.

ஸ்டேட்மென்ட்டை வாசித்தால் அவர் அறியாத மூன்று வரி இருக்கிறது: வட்டி 412.00 வந்திருக்கிறது, அந்த வட்டியில் வரி 41.20 போயிருக்கிறது, வங்கிக் கட்டணம் 350.00 கழிந்திருக்கிறது. மூன்றையும் முதலில் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் அவருடைய மீதி 72,660.80 ஆகும். இனி அவருடைய பக்கத்தில் உள்ள, ஸ்டேட்மென்ட்டில் இல்லாதவற்றைப் பாருங்கள். வெட்டு மெசின்காரருக்கு 28 ஆம் திகதி கொடுத்த 18,000 ரூபாச் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை. 31 ஆம் திகதி அவர் போட்ட 6,500 ரூபாச் செக் இன்னும் தேறவில்லை. இந்த இரண்டுக்கும் சரி போடாமல் விடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சரி போட்டால் வித்தியாசம் 0.00 என்று வரும்.

கடதாசியில் சரிபார்க்க வேண்டுமா? 84,160.80 உடன் 6,500ஐக் கூட்டி 18,000ஐக் கழியுங்கள். 72,660.80 வரும். உயர்தரத்தில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று நீங்கள் மனப்பாடம் செய்தது இதுதான். பரீட்சையில் பக்கம் நிரப்பி எழுதியதை இங்கே சரி அடையாளம் செய்கிறது. அந்த இரண்டு பதிவும் 'என்' ஆகவே நின்று, ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் தாங்களாக வந்து சேரும்.

செக் தேறுவதற்கு இப்போது அதிக நாள் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006 இல் செக்கின் படத்தை மட்டும் கணினி வழியாக அனுப்புகிற முறை வந்தது. அதற்குப் பிறகு நாட்டில் எங்கே போட்ட செக்கும் அடுத்த வங்கி நாளில் தேறும். ஆகவே போட்ட செக் ஒன்று ஒரு கிழமையாகியும் ஸ்டேட்மென்ட்டில் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், கிளைக்குப் போய்க் கேளுங்கள். எழுதிக் கொடுத்த செக் வராவிட்டால் அது வேறு கதை. வாங்கினவர் அதை வங்கியில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருக்கலாம்.

8. அந்த 'பேலன்ஸ்' பொத்தானை அமத்தாதீர்கள்.

ஒத்துப்பார்க்கிற சாளரத்தின் மேலே 'பேலன்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வித்தியாசத்துக்குச் சமமாக ஒரு பதிவை உண்டாக்கி, எல்லாவற்றையும் நேராக்கிவிடும். வைத்தவர்களுக்கு ஏதோ நியாயம் இருந்திருக்கும். புதியவர்களுக்கு இது விஷம். நாற்பது ரூபா வித்தியாசத்தை மூடிவிட்டுப் படுக்கலாம் என்று தோன்றும். அந்த நாற்பது ரூபா ஐயாயிரம் கூடி, நாலாயிரத்துத் தொளாயிரத்து அறுபது குறைந்து வந்ததாக இருந்தால்? இரண்டு பிழை ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் விட்ட எலும்புதான் பல நேரம் சின்ன வித்தியாசம். நேரமில்லாவிட்டால் 'போஸ்ட்போன்' பொத்தானை அமத்துங்கள். போட்ட சரிகள் 'சி' ஆகக் காத்திருக்கும். நாளைக்கு வந்து தொடரலாம். பூச்சியம் வராமல் 'பினிஷ்' என்பதற்குப் போகவே வேண்டாம்.

9. வித்தியாசத்தைத் தேட ஒரு ஒழுங்கு இருக்கிறது.

கவுண்டர் மூடிய பிறகு காசாளர்கள் பரம்பரையாகச் செய்துவருகிற வேலை இது. முதலில் அதே தொகையைத் தேடுங்கள். வித்தியாசம் 3,200 என்றால் 3,200 ரூபாப் பதிவு ஒன்று விடுபட்டிருக்கலாம், அல்லது இரண்டு தரம் விழுந்திருக்கலாம். கிடைக்காவிட்டால் பாதியைத் தேடுங்கள். வித்தியாசம் 2,500 என்றால், போன 1,250 ரூபாவை வந்ததாக எழுதியிருக்கலாம். அதுவும் இல்லையா, ஒன்பதால் பிரித்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் பிரிந்தால் எண் இடம் மாறியிருக்கச் சாத்தியம் உண்டு. 4,850 என்பதை 4,580 என்று எழுதினால் வித்தியாசம் 270, அது ஒன்பது முப்பது. ஒரு பூச்சியம் கூடிப்போனாலும் அப்படியே. 125 ஐ 1,250 என்று தட்டினால் வித்தியாசம் 1,125, அது ஒன்பது நூற்றிருபத்தைந்து. ஒன்பதால் பிரிவது சந்தேகத்துக்கு ஒரு காரணம் மட்டும்தான், சாட்சி இல்லை.

இதெல்லாம் செய்தும் அகப்படாவிட்டால் எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பகிடி இல்லை. பார்த்த கண்ணே பார்த்தால் பிழை தெரியாது. தங்கச்சியைக் கூப்பிட்டு ஸ்டேட்மென்ட்டை வாசிக்கச் சொல்லி நீங்கள் திரையைப் பாருங்கள், கெதியாக அகப்படும்.

10. வட்டியை வந்தபடி எழுதாமல் முழுதாக எழுதுங்கள்.

2025 ஏப்ரல் 1 தொடக்கம் வட்டியில் வங்கியே பிடித்துக்கொள்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியிருக்கிறது. கைக்கு வந்த 370.80 ரூபாவை மட்டும் வருமானம் என்று எழுதினால் போன வரி உங்கள் புத்தகத்திலேயே இருக்காது. வருமானம் 412.00, வரி 41.20, வங்கிக்கு வந்தது 370.80 என்று ஒரே பதிவை மூன்றாகப் பிரியுங்கள். சில வங்கிகள் இரண்டு வரியாகக் காட்டும், அப்போது இரண்டு பதிவு. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கிக்கு ஒரு பிரகடனம் கொடுத்து இந்த வரிப் பிடிப்பிலிருந்து விலகலாம். நிலையான வைப்பு வட்டியில் சீவிக்கிற வயதானவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுங்கள். பிறகு மென்பொருள் படிக்கலாம்.

11. ஆரம்ப மீதி மாறியிருந்தால் யாரோ பழசைத் தொட்டிருக்கிறார்கள்.

போன மாதம் பூச்சியம் பார்த்து முடித்தீர்கள். இந்த மாதம் சாளரம் திறந்ததும் ஆரம்ப மீதி போன மாத முடிவு மீதியோடு ஒத்துவரவில்லை. அப்படியானால் 'வை' போட்ட பதிவு ஒன்று அழிந்திருக்கிறது, அல்லது அதன் தொகை மாறியிருக்கிறது. மென்பொருள் எச்சரிக்கும்தான், ஆனால் அவசரத்தில் 'ஓம்' அமத்திவிடுவோம். பிழையான பதிவை அழிக்காமல் 'வொய்ட்' செய்யப் பழகுங்கள். தொகை பூச்சியமாகும், தடயம் இருக்கும், ஏன் என்று காரணமும் கேட்கும். இத்தனை நாளுக்கு முந்திய பதிவுகளைத் தொட முடியாதபடி சிவப்புக் கோடு போடுகிற வசதியும் அமைப்புகளில் உண்டு. கூட்டாகக் கணக்கு எழுதுகிற வீட்டில் அதைப் போட்டுவிடுங்கள்.

12. ஸ்டேட்மென்ட்டை இறக்கி ஏற்றுவது கெட்டித்தனம்தான், ஆனால் முதல் மூன்று மாதம் வேண்டாம்.

நமது வங்கிகள் பெரும்பாலும் பிடிஎப் ஆகத் தரும். சிஎஸ்வி கிடைத்தால் க்னூகேஷ் வாங்கிக்கொள்ளும், எக்செல் கிடைத்தால் முதலில் அதைச் சிஎஸ்வி ஆகச் சேமிக்க வேண்டும். திகதி ஒழுங்கில் கவனம்: 03/04 என்பதை ஏப்ரல் 3 என்று வாசிக்கச் சொல்லாவிட்டால் மார்ச் 4 ஆகிவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று. வங்கியின் பட்டியலையே உங்கள் பதிவாக ஏற்றிவிட்டு அதை வங்கியின் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால் எப்போதும் ஒத்துத்தான் வரும். வங்கி பிழைவிட்டால் அந்தப் பிழையும் ஒத்துவரும். எஸ்எம்எஸ், பற்றுச்சீட்டு, செக் அடிக்கட்டை என்று உங்கள் கையில் உள்ள ஆதாரத்தை வைத்து முதலில் நீங்கள் எழுத வேண்டும்.

கணக்கீடு படித்தவர்களுக்கு இன்னொரு சொல். ஸ்டேட்மென்ட்டில் 'கிரெடிட்' நிரலில் நிற்பது உங்களுக்கு வந்த காசு. வங்கி தன் புத்தகத்தை எழுதியிருக்கிறது. நீங்கள் போட்ட காசு அதற்கு உங்களிடம் பட்ட கடன். உங்கள் புத்தகத்தில் அது எதிர்ப்பக்கம் வரும்.

13. அடகு, சீட்டு, கிழமைக் கடன் மூன்றும் புத்தகத்துக்குள் வரட்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவர்கள் சறுக்குகிற இடம் இது. அந்தப் புத்தகங்களில் வீட்டுக் கடனும் கடனட்டையும் இருக்கும். நமது ஊரில் காசு சுற்றுகிற வழி வேறு.

நகையை வங்கியில் அடகு வைத்து ஒன்றரை இலட்சம் எடுத்தீர்கள் என்றால், அது கணக்கில் விழுந்த அன்று வருமானம் மாதிரியே இருக்கும். பொறுப்பின் கீழ் 'அடகு' என்று கணக்குத் திறந்து, அடகுச் சீட்டு இலக்கத்தை விபரத்தில் எழுதுங்கள். மீட்கிற அன்று கட்டுகிற தொகையில் ஒன்றரை இலட்சம் பொறுப்பைக் கழிக்கும், மேலதிகம் வட்டிச் செலவு. விதைப்புக்கு வைத்து வெட்டுக்கு மீட்கிற வீடுகளில் வருடத்துக்கு வட்டி எவ்வளவு போகிறது என்று இப்படி எழுதினால்தான் தெரியும். தெரிந்ததும் சில அப்பாமார் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சீட்டு இன்னும் சுவாரசியமானது. பத்துப் பேர், மாதம் பத்தாயிரம், மொத்தம் ஒரு இலட்சம். மூன்றாம் மாதம் உங்களுக்கு விழுகிறது. அதுவரை கட்டிய 30,000 உங்கள் சொத்து. இலட்சத்தை எடுத்த நிமிடம் அதே கணக்கு 70,000 ரூபாக் கடனாகப் புரள்கிறது. 'சீட்டு' என்று ஒரே ஒரு கணக்கு வைத்தால் போதும், கழித்தல் குறியோடு அது தானாகக் காட்டும். மிச்ச ஏழு மாதமும் கட்ட, பூச்சியத்தில் வந்து நிற்கும். கழிவுச் சீட்டானால் விட்டுக்கொடுத்த தொகை வட்டிச் செலவுக்குப் போக வேண்டும்.

கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன்களைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கடன்களால் பெண்கள் பட்ட பாடு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கிற நிலைக்குப் போனது. கட்டுகிற தொகையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் கடன் எடுக்காதீர்கள்.

14. பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

சேமிக்கிற ஒவ்வொரு முறையும் க்னூகேஷ் திகதி போட்டு ஒரு பழைய பிரதியை வைக்கும், முப்பது நாள் கழிந்ததும் தானே அழிக்கும். அது அதே கணினியில் அதே கோப்புறையில்தான் இருக்கும். 1978 நவம்பர் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 கடலையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட ஊர் இது. நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளோடு சேர்ந்து பாஸ் புத்தகங்களும் உறுதிகளும் போயின. மாதம் ஒருமுறை ஒத்துப்பார்த்து முடித்ததும் ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் போடுகிற வசதி க்னூகேஷில் கிடையாது. அதனால் வேறொரு மென்பொருளால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாகவே அனுப்புங்கள். பின் இலக்கத்தையும் ஓரிபியையும் எந்த விபரத்திலும் எழுத வேண்டாம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

15. வங்கியும் பிழைவிடும், எழுத்தில் கேளுங்கள்.

"வங்கிக் கணினி பிழைக்குமா மகன்?" என்று அம்மாமார் கேட்பார்கள். பிழைக்கும். ஏரிஎம்மில் காசு வராமல் கணக்கில் கழிந்து, திரும்பிப் போடாமல் விட்டதும் உண்டு. ஒரே கட்டணம் இரண்டு தரம் போனதும் உண்டு. முதலில் உங்கள் பக்கத்தை நேராக்குங்கள். பிறகு திகதி, தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொடர்பு இலக்கம் மூன்றையும் போட்டுக் கிளை முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு ஆயுள் குறைவு, உள்பக்கம் இருந்தவன் சொல்கிறேன். வங்கி பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. அங்கே போகும்போது மாதாமாதம் பூச்சியம் பார்த்த ஒரு புத்தகம் உங்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

16. இந்த மாதமே ஒரு கணக்கை எடுங்கள்.

வீட்டில் உள்ள ஐந்தையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். பதிவுகள் குறைந்த ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், அம்மாவின் கணக்கு நல்லது. போன மாத ஸ்டேட்மென்ட்டை அச்சடியுங்கள், அல்லது பாஸ் புத்தகத்தைக் கிளையில் கொடுத்துப் பதிந்து வாங்குங்கள். முடிவு மீதியைப் போடுங்கள், இந்த மாதத்தை எழுதுங்கள், மாதம் முடிந்ததும் வரிக்கு வரி சரி போடுங்கள். அந்த ஒன்றில் மூன்று மாதம் விடாமல் பூச்சியம் பார்த்த பிறகு அண்ணன் காசு போடுகிற கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.